என்ன, எவ்வளவு, எப்போது?

இரண்டு வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்திருக்கிறது. கையில் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை அட்டை. பத்துக் குழிகளில் நான்கு காலி. காலையில் ஒன்று போட்டது தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கிறது; நேற்று போட்டாரா இல்லையா என்று அவருக்கே சந்தேகம். குழந்தையின் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. மாத்திரைத் தூளா, குடித்த பாலா, தெரியவில்லை. குழந்தை என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்துத் தொண்டைக்குள் விரலை விடப் பார்க்கும். இன்னொரு கட்சி, "நல்லாத்தானே இருக்கு, கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்னும். இரண்டுமே தப்பு. முதலாவது தப்பு என்று இப்போது நிறையப் பேருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவதுதான் இன்னும் உயிர்களை வாங்கிக்கொண்டிருக்கிறது.

சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் கணையத்தை விடாமல் இன்சுலின் சுரக்க வைக்கும். சின்னக் குழந்தைக்கு ஒரே மாத்திரை போதும், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். சரிவது உடனேயும் நடக்கலாம். பல மணி நேரம் கழித்து, குழந்தை வெறும் வயிற்றோடு தூங்கும் நேரத்திலும் நடக்கலாம். தூங்குகிறது என்று வீடு நிம்மதியாக இருக்கும். குழந்தை மயக்கத்தில் இருக்கும். அதனால்தான் "ஒன்று தின்றிருக்கலாம்" என்ற சந்தேகத்துக்கே குழந்தையை மருத்துவமனையில் இரவு முழுக்க வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதிக்கிறார்கள்.

விஷம் சம்பந்தமாக எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் மூன்று கேள்விகள் வரும். என்ன? எவ்வளவு? எப்போது? முதல் இரண்டுக்கும் வீட்டார் எப்படியாவது ஒரு பதில் தேடி வைத்திருப்பார்கள். மூன்றாவதுக்குத்தான் முழிப்பார்கள். ஆனால் சிகிச்சையில் பாதியைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவது கேள்வி. ஒவ்வொரு விஷத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. சிலது நிமிடக் கணக்கில் ஓடும், சிலது நாள் கணக்கில். ஆளைப் பார்த்து அது எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

முதல் ஐந்து நிமிடம்

எந்த விஷம் என்று தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியவை சில உண்டு. பேச்சுக் கொடுங்கள், தோளைத் தட்டுங்கள், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒருமுறை விக்குவதுபோல் இழுக்கிறது என்றால், யாரையாவது ஆம்புலன்சுக்குப் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் மார்பை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். மூச்சு இருக்கிறது, ஆனால் எழுப்பினால் எழவில்லை என்றால், ஆளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது நேராக நுரையீரலுக்குள் போகும். விஷம் கொல்லாமல் விட்டவரை வாந்தி கொன்ற கதை மருத்துவமனைகளில் சாதாரணம்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தண்ணீரைக்கூட.

தோலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றிவிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. சுண்ணாம்பு போன்ற காரம் பட்ட கண்ணில் எரிச்சல் அடங்கிய பிறகும் உள்ளே அரிப்பு தொடரும். புகையோ வாயுவோ என்றால் முதலில் வெளிக்காற்று. உள்ளே போய் இழுத்து வரப் போகிறவர் தானும் விழுந்துவிடலாம். மூடிய தொட்டியிலும் குழியிலும் ஒருவருக்குப் பின் ஒருவராக மூன்று நான்கு பேர் சாவது இப்படித்தான். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும் என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும். இரண்டும் தனித்தனியாக வேலை செய்வதால் சேர்த்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் நிறைய.

வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம்

உள்ளே போனதை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது மனிதனுக்கு இயல்பாகத் தோன்றுவது. மருத்துவமே பல காலம் அதைத்தான் சொன்னது. அமெரிக்காவில் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இபிகாக் என்ற வாந்தி மருந்து ஒரு சின்னப் புட்டி எப்போதும் இருக்கட்டும் என்று குழந்தை மருத்துவர்களே அறிவுரை சொல்லிவந்தார்கள். 2003-இல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, இனி வீட்டில் அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வாந்தி எடுத்தாலும் வெளியே வரும் மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் கன்னாபின்னாவென்று மாறியது. வாந்தி எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதற்குச் சான்றே இல்லை. அதோடு, நின்றபாடில்லாத வாந்தியால் மருத்துவமனையில் கொடுக்க வேண்டிய மருந்தையும் கொடுக்க முடியாமல் போனது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் மாதிரியானவற்றில் வாந்தி நேரடியாகவே ஆபத்து. இவை வயிற்றில் இருக்கும்வரை பெரும்பாலும் அதிகம் கெடுதல் செய்வதில்லை. மெல்லியவை, வழுக்குபவை, வாந்தியாக மேலே வரும்போது ஒரு சில சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் போதும், நுரையீரல் வெந்துபோகும். அமிலமும் காரமும் என்றால் கணக்கு இன்னும் எளிது: உணவுக்குழாயை இறங்கும்போது ஒருமுறை எரித்தது, ஏறும்போது இன்னொருமுறை எரிக்கும். அமிலம் குடித்தவருக்குச் சமையல் சோடா கரைத்துக் கொடுத்துச் சமன் செய்யலாம் என்பது பள்ளிக்கூட வேதியியல். அந்த வினையில் சூடும் வாயுவும் கிளம்பும். ஏற்கெனவே புண்ணான வயிற்றுக்கு அது தாங்காது. வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அதோடு சரி. அப்புறம் உப்புத் தண்ணீர். வாந்தி வரட்டும் என்று குழந்தைகளுக்கு உப்புக் கரைசல் கொடுத்து, வாந்தி வராமல், உப்பு ரத்தத்தில் ஏறி மூளை பாதித்து இறந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அவர்கள் விழுங்கிய விஷம் ஒருவேளை அவர்களைக் கொன்றிருக்காது.

கரித்தூள் பற்றியும் கேட்பார்கள். மருத்துவமனையில் கொடுப்பது பதப்படுத்திய செறிவூட்டிய கரி. அதன் நுண்ணிய துளைகளில் பல மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பிரயோசனம். இரும்பு, லித்தியம், ஆல்கஹால் வகைகள், அமிலம், காரம் இதெல்லாம் அதில் ஒட்டாது. அரை மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. கருகிய ரொட்டி, கடும் தேநீர், மக்னீசியக் குழம்பு மூன்றையும் கலந்து "எல்லா விஷத்துக்குமான முறிவு" என்று பழைய மேல்நாட்டு முதலுதவிப் புத்தகங்கள் அச்சடித்திருந்தன. கருகிய ரொட்டி கரி அல்ல, வெறும் கருகிய ரொட்டி.

அமைதியான முதல் நாள்

பாராசிட்டமால் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை யாரும் விஷமாக நினைப்பதில்லை. அதன் கடிகாரம் மற்ற எல்லாவற்றையும்விட ஏமாற்றும்.

சரியான அளவில் போட்டால் மாத்திரையின் பெரும்பகுதியைக் கல்லீரல் தொல்லையில்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் வேறு வழியில் உடைந்து நச்சுப்பொருளாக மாறும். குளூட்டாதையோன் என்ற பொருள் கல்லீரலில் இருப்பில் இருக்கிறது. நச்சைப் பிடித்து அடக்குவது அதுதான். அளவு மீறிப் போகும்போது நச்சு பெருகி, இருப்பு கரையும். கரைந்து முடிந்தபின் நச்சு கல்லீரல் செல்களையே பிடிக்கும். இவ்வளவும் சத்தமில்லாமல் நடக்கிறது. முதல் நாள் ஆளுக்குக் கொஞ்சம் குமட்டலும் வியர்வையும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தூக்க மாத்திரை போல மயக்கமும் வராது. எழுந்து உட்கார்ந்து பேசுவார், சாப்பிடுவார். இரண்டாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலி. மூன்றாம் நான்காம் நாளில்தான் கண் மஞ்சளாகிறது, ரத்தம் உறைய மறுக்கிறது, பேச்சு குழறுகிறது. அப்போது வந்தால் சிலருக்கு மாற்றுக் கல்லீரலைத் தவிர வேறு வழி இருக்காது.

இத்தனைக்கும் இதற்கு நல்ல முறிவு மருந்து இருக்கிறது. அசிடைல்சிஸ்டின். முதலில் நெஞ்சுச் சளியை இளக்கப் பயன்பட்ட மருந்து இது. கரைந்துபோன குளூட்டாதையோனை மறுபடி உண்டாக்கும் சரக்கைக் கல்லீரலுக்குக் கொடுக்கிறது என்று கண்டு, 1970-களில் எடின்பரோவின் லாரி பிரெஸ்காட் போன்றவர்கள் இதை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரல் கடுமையாகக் கெடுவது அரிது. எட்டைத் தாண்டினாலும் கொடுப்பார்கள், பலன் இருக்கிறது. ஆனால் மணிக்கு மணி அது குறைந்துகொண்டே வரும். அதாவது, ஆள் நன்றாக இருக்கும் அந்த முதல் நாளில்தான் அவரைக் காப்பாற்ற முடியும். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர், காப்பாற்றக்கூடிய நேரம் முழுவதையும் காத்திருந்தே செலவழித்துவிடுகிறார்.

"எப்போது" என்ற கேள்வி இங்கே எவ்வளவு கனமானது என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு ஓடிப்போனதும் ரத்தம் எடுக்கவில்லையே என்று உறவினர்கள் கோபப்படுவதுண்டு. விழுங்கி நான்கு மணி நேரம் ஆவதற்குள் எடுத்தால், மருந்து இன்னும் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு மணி நேரம் கழித்து எடுத்த அளவை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ரூமாக், மேத்யூ என்ற இரு மருத்துவர்கள் 1975-இல் வெளியிட்டது அது. கிடைமட்டத்தில் மணி, செங்குத்தில் ரத்த அளவு. கோட்டுக்கு மேலே புள்ளி விழுந்தால் முறிவு மருந்து. விழுங்கிய நேரத்தைத் தப்பாகச் சொன்னால் புள்ளி தப்பான இடத்தில் விழும். நேரமே தெரியாவிட்டால் வரைபடம் உதவாது; அப்போது சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

வேண்டுமென்று விழுங்குபவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல இது. பல்வலி தாங்காமல் இரண்டு நாளாக மணிக்கொரு மாத்திரை போட்டவர், காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் வாங்கி, மூன்றிலும் அதே பாராசிட்டமால் இருப்பதைக் கவனிக்காதவர், இவர்களும் இதே கட்டிலில்தான் படுத்திருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கும் பழக்கம் ஒன்று போதும் இதற்கு.

குறட்டை என்று நினைத்தது

பாராசிட்டமாலின் கடிகாரம் நாள் கணக்கில் ஓடினால், ஓபியாய்டு வகையின் கடிகாரம் நிமிடக் கணக்கில் ஓடும். ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், டிரமடால் எல்லாம் இந்தக் குடும்பம். ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூளைத்தண்டு "மூச்சு விடு" என்று கட்டளை இடுகிறது. இந்த மருந்துகள் அந்த உணர்வை மழுங்கடிக்கும். ஆளுக்கு மூச்சு முட்டாது, போராட மாட்டார். நிமிடத்துக்குப் பதினைந்து இருந்த மூச்சு எட்டாகும், நான்காகும், பிறகு நிற்கும்.

பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவது என்ன? கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கறுத்த தோலில் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். தொண்டையிலிருந்து கொரகொரவென்று ஆழமான குறட்டை வரும். இந்தக் குறட்டைதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. "அசந்து தூங்குறான், விடு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். அது தூக்கமல்ல, நாக்கு பின்னால் விழுந்து பாதி அடைத்த மூச்சுக்குழாயின் சத்தம். சந்தேகமாக இருந்தால் உரக்கக் கூப்பிட்டு, மார்பெலும்பின் நடுவில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தூங்குபவர் திட்டிக்கொண்டு எழுந்திருப்பார். எழாதவருக்கு ஆபத்து.

இதற்கும் முறிவு உண்டு: நலோக்சோன். 1961-இல் காப்புரிமை கோரப்பட்டு, 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் ஓபியாய்டு உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நீலமாகக் கிடந்தவர் இரண்டு மூன்று நிமிடத்தில் கண் விழிப்பதைப் பார்த்தால் மந்திரம் போலத்தான் இருக்கும். பல காலம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்த இந்த மருந்தைப் பக்கத்தில் இருப்பவர்களின் கைக்கே கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மூக்கில் அடிக்கும் வடிவம் 2015-இல் அமெரிக்காவில் வந்தது. 2023-இல் அங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தார்கள். ஓபியாய்டு உள்ளே இல்லாதவருக்குக் கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை என்பதால், சந்தேகத்துக்கே கொடுக்கலாம்.

ஆனால் இந்த மருந்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு. நலோக்சோன் வேலை செய்வது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை. மெத்தடோனோ, மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையோ அதற்கு அப்புறமும் பல மணி நேரம் உடம்பில் இருக்கும். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று கோபமாகச் சொன்னவர், நலோக்சோன் இறங்கியதும் யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி மூச்சை நிறுத்திவிடலாம். அதனால் விழித்தபின்னும் ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பக் கூடாது. நலோக்சோன் கையில் இல்லையென்றாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இவருக்கு இல்லாமல் போனது மூச்சு மட்டும்தான். பயிற்சி உள்ளவர் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கலாம்.

இன்னொன்று. போதைப் பழக்கத்திலிருந்து சில வாரம் விலகியிருந்தவர்களுக்கு, அது சிறையானாலும் சிகிச்சை மையமானாலும், வெளியே வந்த முதல் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. பழகிய உடம்பு தாங்கிய அளவை, பழக்கம் விட்ட உடம்பு தாங்காது. அவருக்கு ஞாபகம் இருப்பதோ பழைய அளவு. தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் எல்லாக் கணக்கும் தப்பிவிடும். தனித்தனியாக மூச்சைக் கொஞ்சம் குறைப்பவை சேர்ந்து நிறுத்திவிடும். மது மட்டும் என்றாலும், குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். காப்பி கொடுப்பதும் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் அதில் ஒரு துளியையும் இறக்காது.

வேறு சில கடிகாரங்கள்

பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி முடிந்ததும் அதை அழிக்க வேண்டிய நொதியை முடக்கும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒழுகும், வியர்வை கொட்டும், வயிற்றுப்போக்கு, கண்மணி சுருக்கம், தசைத் துடிப்பு. கொல்வது நுரையீரலில் நிறையும் நீரும், சோர்ந்துபோகும் மூச்சுத் தசையும். அட்ரோபின் ஊசியைச் சளி வற்றும்வரை திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். இங்கே உதவி செய்பவரும் ஜாக்கிரதை: தலைமுடியிலும் உடையிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும், தோல் வழியாக உங்களுக்குள்ளும் வரும். கையுறை வேண்டும், உடையைக் கழற்றிப் பையில் கட்ட வேண்டும், வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினில் ஒட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நல்ல எண்ணையே காட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம். ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது, வீட்டுக்குள் வந்தால் திரும்ப வருகிறது, நாய்கூடச் சுருண்டு கிடக்கிறது என்றால் அது காய்ச்சல் அல்ல. சாதாரணக் காற்றில் உடம்பில் ஏறிய வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும்.

மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவருக்கு முதலில் வெறும் போதைதான். மெத்தனாலை உடம்பு ஃபார்மிக் அமிலமாக மாற்றியபிறகுதான் கண் நரம்பு சாகத் தொடங்கும்; அதற்குப் பாதி நாள், ஒரு நாள்கூட ஆகும். சாதாரணச் சாராயமும் கூடவே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். பார்வை மங்கி, பனி கொட்டுவதுபோல் தெரிகிறது என்று ஒருவர் வந்தால், அவரோடு சேர்ந்து குடித்த மற்ற எல்லாரையும், ஒன்றும் ஆகாதவர்களையும், தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அவர்களுக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாணயம் மாதிரித் தட்டையான பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துவிடும். பேட்டரி கசிவதால் அல்ல. ஈரமான சதையைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்திலேயே காரம் உண்டாகிறது. ரிமோட் ஓட்டாத பழைய பேட்டரிக்கும் இதற்கு வேண்டிய சக்தி உண்டு. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, மருத்துவமனை போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள், தேன் பேட்டரியைச் சுற்றிப் படலம் போட்டுக் காரத்தைத் தணிக்கும் என்பதால். தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தைத் தொலைக்கக் கூடாது.

போனில் என்ன சொல்வது

1953-இல் சிகாகோவில் ஒரு விஷத் தகவல் மையம் தொடங்கியது, அமெரிக்காவில் முதலாவது. வீட்டில் புதிது புதிதாக வந்து குவிந்த ரசாயனப் புட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று மருத்துவர்களுக்கே தெரியாத காலம் அது. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட மையங்கள் போனில் பதில் சொல்கின்றன. உங்கள் பகுதி எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள். குழந்தை புட்டியோடு நிற்கும்போது தேட முடியாது.

அவர்களிடம் சொல்ல வேண்டியது: ஆளின் வயது, எடை, இப்போது எப்படி இருக்கிறார், புட்டியில் எழுதியிருப்பது அப்படியே, எவ்வளவு, எத்தனை மணிக்கு. எடை எதற்கு என்று யோசிப்பார்கள். மருந்துக் கணக்கு எல்லாமே உடம்பு எடையை வைத்துத்தான். பெயர் மட்டும் போதாது, மில்லிகிராம் வேண்டும். "மெதுவாகக் கரையும்" வகை மாத்திரையா என்பது வேண்டும், அதன் கடிகாரம் தாமதமாகத்தான் அடிக்கும். அட்டை, புட்டி, குப்பைக்கூடையில் கிடக்கும் உறை, வாந்தி எடுத்திருந்தால் அதில் கொஞ்சம், செடி என்றால் இலையோடும் காயோடும் ஒரு கிளை, எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அந்தத் தாத்தாவின் அட்டைக்கு வருவோம். நான்கு குழி காலி, ஒன்று நிச்சயமாகத் தாத்தா போட்டது. மீதி மூன்று. தரையில், கட்டிலுக்கு அடியில், குழந்தையின் உடுப்புக்குள் தேடுங்கள். கிடைத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். கிடைக்காதது எல்லாம் உள்ளே போனதாகத்தான் கணக்கு. விளையாடிய குழந்தைகள் இரண்டு என்றால் ஆளுக்கு ஒன்றரை என்று பிரிக்கக் கூடாது. மூன்றையும் இதுவே தின்றிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும். நேரமும் அப்படியே. கடைசியாகக் குழந்தையின் கையில் அட்டை இல்லாமல் பார்த்தது எத்தனை மணிக்கு என்று யோசித்து, அந்த மணியையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஆம்புலன்சில் ஏறும்போது நினைவு நிற்காது.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி

பெரியவர்கள் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி வரும்போது, அதில் பெரும்பங்கு தவறுதலாக நடந்ததல்ல. வீட்டாருக்குத் தெரியும், வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். "தெரியாமல் தின்றுவிட்டான்" என்று பதிவேட்டில் எழுதச் சொல்வார்கள். இதனால் சிகிச்சையே தப்பாகப் போகலாம்: தெரியாமல் தின்றவர் இரண்டு தின்றிருப்பார், தெரிந்து தின்றவர் வீட்டில் இருந்ததை எல்லாம் தின்றிருப்பார், ஒரு வகை மட்டுமல்லாமல் நாலு வகையை. ஆளே குறைத்துச் சொல்லவும் வாய்ப்புண்டு. அதனால் அவர் சொல்லும் எண்ணிக்கையோடு காலி அட்டைகளையும் எண்ண வேண்டும். நேரடியாகக் கேட்கலாம்: "சாகணும்னு நினைச்சு சாப்பிட்டியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அந்த நேரத்தில் திட்டும் புத்திமதியும் வேண்டாம். தனியாக விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்படி விழுங்குபவர்களில் பலருக்கு அந்த முடிவு சில நிமிடத்தில் வந்து, சில மணி நேரத்தில் போய்விடும் ஒன்று. கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதுதான் பிழைப்பதையும் சாவதையும் பிரிக்கிறது. 1998-இல் பிரிட்டனில் ஒரு பெட்டியில் விற்கும் பாராசிட்டமால் எண்ணிக்கையைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். அதன்பிறகு அந்த மருந்தால் நேரும் சாவுகள் குறைந்தன. இலங்கையில் 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு இருபது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. மனக்கஷ்டம் அங்கே திடீரென்று குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் கை நீளும் இடத்தில் கொல்லும் மருந்து இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

வார்டிலிருந்து அனுப்பும் முன் மனநல மருத்துவர் வந்து நோயாளியிடம் தனியாகப் பேசுவார். பிறகு வெளியே வந்து வீட்டாரிடம் ஒன்று கேட்பார்: வீட்டில் இன்னும் என்னென்ன மாத்திரை இருக்கிறது, இன்றைக்கு இவர் வீட்டுக்கு வருவதற்குள் உங்களில் யார் போய் அதை எடுத்து வைக்கப் போகிறீர்கள்?